வராத விருந்தாளிக்குப் போட்ட மாலை

“ஏன்டி பொண்ணுங்களா, வேலைக்குச் சேந்து ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள உங்களுக்கு அந்த மூணாம் நம்பர் ரூம் கத கேக்குதா? அங்க பக்கெட்டு ரொம்பி வழிஞ்சிகினு கீது, அத்தப் பாக்கத் துப்பு இல்ல. போய் கொழாய மூடுங்க மொதல்ல!”

இப்படித்தான் போன தடவை உங்களைத் திட்டி அனுப்பினேன். நீங்களும் குழாயை மூடிவிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். விடமாட்டீர்கள் என்று புரிந்துவிட்டது. சரி, சொல்லித் தொலைக்கிறேன். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் மத்தியான நேரத்தில் முன்ஹாலைப் பெருக்க மாட்டேன் என்று எவளாவது முகத்தைத் தூக்கினால், அவளைக் கழிப்பறைப் பக்கம் மாற்றச் சொல்வேன். அங்கே பேய் வராது. நாற்றம் தாங்காது அதற்கு.

உங்களுக்குத் தெரியும், நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். மூன்றாம் வகுப்பையும் முழுசாகத் தாண்டினேனா என்று அந்த டீச்சரைத்தான் கேட்க வேண்டும். தாம்பரத்தில் எங்கள் லுத்தரன் சபையின் விருந்தினர் விடுதியில் அறை கூட்டி, படுக்கை விரித்து, சோறாக்கி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே முடி நரைத்தவள். இப்போது அந்தச் சாவி உங்கள் இடுப்பில். ஒட்டடை அடிப்பதெல்லாம் உங்களுக்கே வரும். வராதது ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கமாக ஓடும்போது நாம் ஓடலாமா, நிற்கலாமா என்று முடிவு செய்வது. அதற்காகத்தான் இந்தக் கதை.

அப்போது எங்களுக்கு இருந்த ஐயர் ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார். ஐயர் என்றால் பூணூல் ஐயர் இல்லை, அங்கி ஐயர். எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். உலகத்தில் இருக்கிற லுத்தரன் சபைகள் பலவும் பாலஸ்தீன மக்களுக்கு நீதியும் சமாதானமும் வேண்டும் என்று ஜெபம் பண்ணி, கடிதம் எழுதி, காணிக்கை எடுத்துக்கொண்டிருந்த நேரம். நாமும் தினமும் மத்தியானம் மணி அடித்து ஒரு சின்ன ஜெபம் வைப்போம் என்று ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

“ஐயரே, இங்க முனிசிபாலிட்டி தண்ணியே வரல. பாலஸ்தீனத்துக்கு ஜெபமா?” என்றார் ஒருவர்.

“தண்ணிக்கும் ஜெபம் பண்ணலாம். மணி ஒண்ணுதான், ரெண்டுக்கும் போதும்,” என்றார் ஐயர்.

சபைச் செயலர் ஜெயசீலன் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், எதையும் கொஞ்சம் அதிகமாகவே செய்வார். “வேதத்துல இஸ்ரவேல் ஆசீர்வதிக்கப்பட்ட ஜனமாச்சே, ஐயரே. நாம எதிர்ப்பக்கம் ஜெபம் பண்ணலாமா?”

“எதிர்ப்பக்கம் இல்ல சார். யாரும் யாரையும் கொல்லக் கூடாதுன்னுதான் ஜெபம். வேதத்துல வர்ற இஸ்ரவேல் வேற, செக்போஸ்ட்ல துப்பாக்கியோட நிக்கிற பையன் வேற. அந்த செக்போஸ்ட்ல பிள்ளையக் கையில பிடிச்சிட்டு, எப்ப விடுவாங்கன்னு நிக்கிறாங்க பாருங்க, அதுல நம்ம சபைக்காரங்களும் இருக்காங்க. ஒருத்தரையே கூப்பிட்டிருக்கேன். வந்து சொல்வாரு, கேளுங்க.”

அப்படித்தான் சலீம் ஐயருக்கு அழைப்பு போயிற்று. பெத்லகேமிலேயே பிறந்து வளர்ந்த லுத்தரன் போதகர். சபைப் பள்ளிக்கூடத்தின் மாடியிலேயே அவர் வீடு.

விடுதி கேட்டை ஒட்டி பாத்திமா வைத்திருந்த டெலிபோன் பூத்தில் இந்தப் பேச்சு வந்தபோது அவள் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள். எஸ்டிடி, ஐஎஸ்டி, ஜெராக்ஸ், ஃபேக்ஸ் என்று மஞ்சள் போர்டு போட்ட சின்னக் கடை அது. விடுதிக்கு வரும் போகும் எல்லாப் பேச்சும் அவள் காது வழியாகத்தான் போகும்.

“பேரு சலீமா? எங்க ஆளா ரூத்தக்கா?”

“இல்லடி, எங்க ஆளு. பெத்லகேம் ஐயரு.”

“பெத்லகேம்ல உங்க ஆளுங்க இருக்காங்களா?”

“நல்லாக் கேட்ட போ. எங்க ஆண்டவரு பொறந்த ஊரு. அங்கேர்ந்துதான்டி எல்லாமே கெளம்பிச்சு!”

அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே, அவருக்கென்று ஒதுக்கிய மூன்றாம் நம்பர் அறைக்கு ஒரு புதுத் தலையணை உறை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் சபைக்காரர்கள் யாரும் அதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொறாமைப்படுகிறவர்கள் படட்டும்.

அறையைத் தயார் பண்ணினேன். கொசுவலை கட்டினேன். அவருக்குக் காரம் ஆகுமோ ஆகாதோ என்று மிளகாயைக் குறைத்துக் குழம்பு வைத்துப் பழகினேன், அதைத் தின்றவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கூட்டத்துக்குச் செயலர் சார் பாரிமுனை வரை போய் ஒரு சந்தன மாலை வாங்கி வந்தார். மரச் சீவலில் செய்தது, நடுவில் தங்கச் சரிகைக் குஞ்சம். பெரிய மனிதர்கள் மேடைக்கு வந்தால் கழுத்தில் போடுவோமே, அது. பூ மாலை மாதிரி வாடாது, ஊருக்கு எடுத்துப் போகலாம் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. ஆள்தான் வரவில்லை.

யோர்தான் ஆற்றுப் பாலத்தில் அவரை நிறுத்தி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஆண்டவர் ஞானஸ்நானம் எடுத்த அதே யோர்தான்தான். இப்போது அதைத் தாண்ட வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். எங்கிருந்தோ ஒரு நிமிஷம் போன் பண்ணி, “திரும்பிப் போகிறேன், மன்னியுங்கள்,” என்று ஐயரிடம் சொன்னார். அவ்வளவுதான். அதற்குள் பெத்லகேமில் ஊரடங்கு போட்டு, ரோட்டை எல்லாம் அடைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. அவர் பள்ளிக்கூடத்து நம்பருக்குப் போட்டால் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கூட்டத்தை நிறுத்த ஐயருக்கு மனசில்லை. “அவரு வர முடியாததே நமக்கு ஒரு பிரசங்கம்தான்,” என்றார். விடுதி முன்ஹாலில், எல்லோருக்கும் எதிரே ஒரு நாற்காலி போடச் சொன்னார். சலீம் ஐயர் அனுப்பியிருந்த படத்தை மார்க்கெட் ஸ்டூடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அந்த நாற்காலியில் வைத்தார். அவர் வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும், தினமும் மத்தியானம் அவருக்கு ஒரு இலை போட்டுச் சோறு வைப்போம், ஜெபம் முடிந்ததும் அதைப் பசியோடு வாசலுக்கு வருகிறவருக்குக் கொடுப்போம் என்றார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

அப்போது செயலர் சார் எழுந்தார். கையில் அந்த மாலை. வாங்கியாயிற்று, போட ஒரு கழுத்து வேண்டாமா? நேராகப் போய் அந்தப் படத்துக்கு மாலையைப் போட்டார். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியையும் ஏற்றி வைத்தார்.

எல்லோரும் கை தட்டினோம்.

அந்தக் கைதட்டல் நின்ற விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எப்போதும் கைதட்டல் அங்கங்கே தேய்ந்து தேய்ந்து நிற்கும். அன்றைக்கு நிறைந்த ஹாலில் ஒரே நொடியில் அறுந்து நின்றது. சட்டம் போட்ட படம். சந்தன மாலை. முன்னால் எரிகிற வெளிச்சம். நம் ஊரில் எந்த வீட்டுச் சுவரில் அதைப் பார்த்தாலும் நாம் என்ன நினைப்போம்? அத்தனை பேரும் அதையே நினைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றியது. அந்தக் காற்றில் மாலைக் குஞ்சம் லேசாக ஆடியது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் செயலர் சாரிடம் போனேன்.

“சார், அந்த மாலைய எடுத்துடலாமா?”

“எதுக்கு? நாம கிறிஸ்தவங்க ரூத்து. சகுனம், அது இதெல்லாம் பாக்கக் கூடாது.”

“பாக்கல சார். பாக்காதவங்க எடுத்துடலாம்ல?”

“அப்போ நீயே எடு.”

“போட்டது நீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஐயரைப் பார்த்தோம். ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவர்கிட்டேருந்து தகவல் வந்ததும் எடுத்திடலாம்,” என்றார். போட்டதே கெட்டது என்றால், எடுக்கிற நேரத்தில் நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி யார் தலையில் விழும்? அதுதான் மூன்று பேர் மனசிலும். மாலை அங்கேயே இருந்தது.

மறுநாளிலிருந்து நான் இலை போட ஆரம்பித்தேன். சித்திரை மாசம். தாம்பரத்தில் அந்த உச்சி வெயிலில் தெருநாய்கூட நகராது. தூரத்தில் மின்சார ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்கும், பிறகு அதுவும் இல்லை. பேய் ராத்திரியில்தான் நடமாடும் என்று சொல்கிறவர்கள் மத்தியானத்தில் தனியாக ஒரு பெரிய கட்டடத்தைப் பூட்டித் திறந்ததில்லை.

முதல் நாள் நாற்காலி முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, இலை விரித்து, சோறும் குழம்பும் வைத்தேன். வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. திறந்திருந்த ஜன்னல் கம்பி வழியாக ஒரு காக்கா உள்ளே வந்து, நேராக இலையில் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு போயிற்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் அஞ்சலை. கோவளத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்கிறவள். கூடையை இறக்கக்கூட இல்லை, படத்தைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டாள்.

“ஐயோ பாவமே. எப்போக்கா பூட்டாரு?”

“யாரும் பூடல. வாய மூடு. இன்னா மீனு கீது, அத்தச் சொல்லு.”

“காக்கா எடுத்துச்சே, பாத்தனே. உடனே எடுத்துச்சு. நல்ல ஆத்மாக்கா.”

“தாம்பரத்துக் காக்காடி இது. துணி தொவைக்கிற சோப்பக்கூட எடுக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. என் சிரிப்பும் பல்லோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஜன்னல்களைச் சாத்தி, இலையை வைத்து, கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஜெபத்துக்குப் போனேன்.

பாத்திமா தினமும் மத்தியானம் அந்த பெத்லகேம் நம்பரைப் போடுவாள். தினமும் மணி மட்டும் அடிக்கும். ஒரு நாள் வாசலில் நின்று என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஓடினேன். ரிசீவரை என் காதில் வைத்தாள்.

யாரோ மூச்சு விடும் சத்தம். அது மட்டும்தான். பின்னால் எங்கேயோ, கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். பெஞ்சு மாதிரி. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. “அலோ, அலோ,” என்றேன். மூச்சு நின்றது. லைன் செத்துவிட்டது.

“யாரோ எடுத்தாங்கக்கா,” என்றாள் பாத்திமா. ரிசீவரை வாங்கி வைத்தாள். “எடுத்தாங்க. பேசல.”

நாங்கள் இரண்டு பேரும் இதை ஐயரிடம் மட்டும் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் சபையில் பேச்சே மாறிவிட்டது. முன்ஹாலுக்குள் வந்தால் செருப்பை மெதுவாகக் கழற்றினார்கள். குரலைத் தாழ்த்தினார்கள். அவர் முகத்தைக்கூட நேரில் பார்த்திராத ஒரு அம்மா என்னிடம், “எவ்ளோ தங்கமான மனுஷனா இருந்தாரு,” என்று மூக்கைச் சிந்தினாள். ‘இருந்தாரு’ என்று எப்போது முடிவானது? ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. மழை பெய்து தரை ஈரமாவது மாதிரி எல்லார் வாயிலும் அது ஊறிவிட்டது. சந்தன வாசனை வேறு. தரை துடைத்த தண்ணீரில் அது. என் விரலில் அது. வடித்த சோற்றில்கூட அது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை.

இனிமேல் சொல்வதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. கிண்டல் பண்ணினால் எழுந்து போய்விடுவேன்.

ஐயர் ஏதோ சங்கக் கூட்டத்துக்குத் திருச்சி போயிருந்தார். நான் வழக்கம்போல இலையில் சோறு வைத்து, கதவைப் பூட்டி, மத்தியான ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தேன். பூட்டைத் திறந்தேன். உள்ளே போனேன்.

இலை மடித்திருந்தது.

சோறு இல்லை. ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. சாப்பிட்டு எழுந்தவர் மடிப்பது போல இலை பாதியாக மடித்திருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பின்கதவுக்கு உள்பக்கம் கொண்டி. அறை அறையாகப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். யாரும் இல்லை.

திரும்பி வந்து அந்த இலையை நின்று பார்த்தேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கமாக மடிப்போம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த இலை நாற்காலிப் பக்கமாக மடித்திருந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர், தன் பக்கமாக மடித்திருந்தார்.

சாவுச் சோறு சாப்பிட்டவர் மடிக்கிற மடிப்பு இல்லை அது. நான் ஓடவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்போதுதான் வெளியே செயலர் சார் குரல் கேட்டது. பூத் பக்கம். எட்டிப் பார்த்தேன். கையில் டைப் அடித்த ஒரு காகிதம். பாத்திமாவிடம் ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், என்ன சார் அது என்றேன்.

“கண்டோலன்ஸ், ரூத்து. அவர் வைஃப் நாதியா அம்மாவுக்கு. நம்ம சபை சார்பா.”

“தகவல் வந்துச்சா சார்?”

“கேளம்பாக்கம் சபையில கேட்டாங்க, மெமோரியல் சர்வீஸ் எப்பன்னு. அப்புறம் நாவலூர்லேர்ந்து ஒரு ஃபேமிலி. இன்னிக்குக் காலைல செம்பாக்கத்துலேர்ந்து. மூணு எடத்துல சொல்றாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?”

அந்த மூன்று இடத்துக்காரர்களும் அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டியவர்கள். எங்கள் மாலையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். எங்கள் வாசலிலிருந்து புறப்பட்ட பேச்சு மூன்று ஊர் சுற்றிவிட்டு எங்கள் கதவையே தட்டுகிறது. அதைச் செய்தி என்று இந்த மனுஷன் டைப் அடித்துவிட்டார்.

நான் எதிரே இல்லாத ஒரு பெண்பிள்ளையை நினைத்தேன். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். புருஷன் எங்கே என்று தெரியவில்லை. அவளுக்கு எந்தப் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது பள்ளிக்கூடத்து ஃபேக்ஸ் மெஷினிலிருந்து சறசறவென்று ஒரு காகிதம் இறங்கும். இந்தியாவிலிருந்து. ‘தங்கள் கணவரின் மறைவுக்கு...’ அவள் என்ன நினைப்பாள்? நமக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைப்பாள். நம்பிவிடுவாள்.

“ஐயரு வரட்டுமே சார்.”

“அவர் வர நாளைக்கு சாயங்காலம் ஆகும். லேட்டா அனுப்பினா நம்ம சபைக்குத்தான் அசிங்கம். பாத்திமா, போடும்மா.”

பாத்திமா என்னைப் பார்த்தாள். “ஃபேக்ஸ்ல பேப்பர் மாட்டிக்கிச்சு சார். எடுத்துட்டுப் போடறேன்.” மாட்டவே இல்லை. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் மெஷினைப் பார்த்து ஏமாறுவார்?

நான் விடுவிடுவென்று ஹாலுக்குப் போனேன். படத்தின் எதிரே நின்றேன். “ஐயா, தப்பா நெனைக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றினேன். மரச் சீவல் என்று பெயர், கல் மாதிரி கனத்தது. தூக்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த வெயிலில், காலில் செருப்புகூட இல்லாமல், கழுத்தில் சரிகைக் குஞ்சம் ஆட, நான் ஹாலிலிருந்து பூத்துக்கு நடந்ததைத் தெருவே பார்த்தது. அஞ்சலை மரத்தடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

“ரூத்து! பைத்தியமா உனக்கு? கழட்டு அத!” என்று செயலர் சார் கத்தினார்.

“ஏன் சார்? மாலை போட்டவங்களுக்கெல்லாம் ஃபேக்ஸ் அனுப்பறீங்கல்ல. எனக்கும் ஒண்ணு அடிங்க. என் பொண்ணு செம்பாக்கத்துல கீறா. உங்கம்மா பூட்டாங்கன்னு அனுப்புங்க.”

“என்ன பேச்சு இது? நீதான் உயிரோட நிக்கிறியே!”

“எப்டித் தெரியும் உங்களுக்கு?”

“பேசிட்டிருக்கியே என் முன்னாடி!”

“அதான் சார். அவரும் எங்கனா ஒரு எடத்துல பேசிகினுதான் இருப்பாரு. உங்களுக்குக் கேக்கல, அவ்ளோதான். கேக்காததுக்கெல்லாம் சாவுன்னு பேர் வெச்சிட்டா எப்டி?”

அவர் நீட்டிய காகிதத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேனே. கெட்டவராக இருந்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டு அனுப்பியிருப்பார்.

“இன்னும் ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கறேன் சார்,” என்றாள் பாத்திமா. “பிஸ்மில்லா,” என்று முணுமுணுத்துவிட்டு நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்தது. நின்றது. யாரோ எடுத்தார்கள். மூச்சு. அதே மூச்சு.

பாத்திமா ரிசீவரை என்னிடம் நீட்டினாள். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, அவர்கள் பாஷையும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “சலீம் ஐயரு... சலீம்... சாப்ட்டாரா?”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். “சலீம்?” என்றது. பிறகு என்னென்னவோ சொல்லிக்கொண்டே அழுதது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு போன் கை மாறியது. ஒரு ஆண் குரல், கட்டிப்போன குரல். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தைதான். “தாம்பரம்?” என்றது.

ரிசீவரைச் செயலர் சார் கையில் திணித்தேன். “யெஸ் பாதர், யெஸ், யெஸ்,” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூக்கு நுனியிலிருந்து கண்ணாடி விழுந்ததை எடுக்கக்கூட இல்லை. இன்னொரு கையில் இருந்த காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்தார்.

அவர் பேசி முடித்துச் சொன்னது இதுதான். பாலத்திலிருந்து திரும்பியவர் ரோடு அடைத்ததால் எரிகோவிலேயே மாட்டிக்கொண்டார். பிறகு மலைப்பாதை வழியாக நடந்தே கிளம்பி, சற்று முன்புதான் வீடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தின் கீழ்மாடியில் சிப்பாய்கள் இறங்கியிருந்தார்கள். அன்றைக்குப் போனை எடுத்தது நாதியா அம்மாதான். ஜன்னல்களை மறைக்க சிப்பாய்கள் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள், பேசக் கூடாது என்று ஒருவன் எதிரே நின்றானாம். முன்தினம்தான் இடத்தைக் காலி பண்ணிப் போயிருந்தார்கள்.

“வழியில சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்,” என்றார் செயலர் சார். குரல் இறங்கிவிட்டது. “ஒரு விசித்திரம் சொன்னாரு. வழியில ஒரு வீடு, கதவு திறந்து கெடந்துச்சாம். ஆள் யாரும் இல்ல. கூப்பிட்டுப் பாத்தாராம். மேஜ மேல ஒரே ஒருத்தருக்கு மட்டும் சோறு வெச்சிருந்துச்சாம், சூடா. பசி தாங்காம சாப்ட்டுட்டு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு வந்துட்டாராம். வீடு பூரா ஏதோ மர வாசன அடிச்சுதாம்.”

பாத்திமா, “சுபானல்லா,” என்றாள். கழுத்தில் இருந்த மாலையை மெதுவாகக் கழற்றினேன். ஹாலுக்குப் போய், அந்த மடித்த இலையை இரண்டு கையாலும் எடுத்து, குப்பையில் போட மனசில்லாமல், வேப்ப மரத்தடியில் புதைத்தேன். யார் மடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கவும் நான் முயற்சி பண்ணவில்லை. விடுதியில் வேலை செய்கிறவள் விருந்தாளி எப்படி வந்தார் என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டாரா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் ஐயர் வந்ததும் செயலர் சார் பையில் இருந்த காகிதத்தை எடுத்து, நீவி, அதன் பின்பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். துக்கக் கடிதம் இல்லை. எங்கள் விருந்தாளியை எங்களிடம் வர விடுங்கள், அந்த ஊர் ஜனங்களைத் தங்கள் ரோட்டில் தாங்கள் நடக்க விடுங்கள் என்று டெல்லிக்கும், இஸ்ரவேல் தூதரகத்துக்கும். சபையே கையெழுத்துப் போட்டது. நான் கைநாட்டு. பாத்திமா வீட்டில் எல்லோரும். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். சலீம் ஐயர் கடைசி வரை தாம்பரம் வரவில்லை, அவருக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த மத்தியான மணியை நாங்கள் நிறுத்தவில்லை.

இதை நீங்கள் புரிந்துகொண்டால் போதும், பெண்களே. தூரத்தில் கஷ்டப்படுகிறவருக்காக அழுவது சுலபம். அழுதுவிட்டால் நம் வேலை முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். உயிரோடு இருக்கிறார் என்று நம்பினால்தான் தொந்தரவு. தினமும் போன் போட வேண்டும், கடிதம் எழுத வேண்டும், சோறு வைக்க வேண்டும். அதனால்தான் ஜனங்கள் சீக்கிரம் மாலை போட்டுவிடுகிறார்கள்.

அவர் குரல் கேட்ட அன்றைக்கே சாயங்காலம் தெருவே விடுதி வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை. மல்லிப்பூ வாங்கி வந்திருந்தாள், படத்துக்குப் போட.

“இன்னாக்கா சொல்றாங்க? செத்தவரு போன்ல பேசனாராமே?”

“ஆமா, பேசனாரு.”

“எப்டிக்கா அது?”

அத்தனை முகமும் என்னையே பார்த்தது. இலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே வாசலில் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். மல்லிப்பூவை அவள் கையிலிருந்து வாங்கி என் கொண்டையில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

“பெத்லகேம்ல பொறந்தவங்களுக்கு அது பழக்கம்டி. முன்னாடியும் அந்த ஊர்ல பொறந்த ஒருத்தர் அப்படித்தான் பண்ணாரு. அவருக்கும் எல்லாரும் அவசரப்பட்டு அழுது முடிச்சிட்டாங்க. போங்க, போய் அவங்கவங்க வூட்ல ஒல வைங்க.”